மூன்று எதிர்காலமும் ஒரு வாடகை வீடும்

எங்கள் குடியிருப்பில் ஒரு வதந்தி உலவியது. பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்து ஆளாளுக்குக் கையைச் சுட்டுக்கொண்ட நேரத்தில், மூன்றாம் மாடிக்காரர் மட்டும் ஒரு காசுகூட இழக்கவில்லையாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாராம். இப்படிப்பட்ட மேதை தலைக்கு மேலே குடியிருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? விசாரித்தோம். அவர் மனைவியே கதவைத் திறந்து உறுதிப்படுத்தினார்.

"ஆமாங்க, ஒரு காசும் போகலை. போட்டிருந்தாத்தானே போகும்?"

வாசகரே, இந்த இனத்தைச் சற்று அருகில் வந்து பாருங்கள். பயப்படாதீர்கள், கடிக்காது. கடிக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். அக்கம்பக்கத்தில் இவருக்கு முக்காலம் என்று பெயர். நமக்கு நேற்று, இன்று, நாளை என்று மூன்று காலம். இவருக்கு மூன்றுமே நாளைதான்: நல்ல நாளை, கெட்ட நாளை, ரெண்டுங்கெட்டான் நாளை.

இது பிறவிக் குணம் இல்லை. குழாய்க் கம்பெனியில் கணக்கு அதிகாரியாக நிம்மதியாக இருந்த மனிதரை ஒரு நாள் சினாரியோ பிளானிங் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே கோட்டு போட்ட ஒருவர் சொன்னார்: "நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்கும் தெரியாது. அதனால பலவிதமா நடக்கலாம்னு வெச்சு யோசிங்க. அப்புறம், எது நடந்தாலும் தாங்குற மாதிரி ஒரு முடிவெடுங்க." அருமையான பேச்சு. முதல் இரண்டு வாக்கியத்தையும் நம்மவர் கண் இமைக்காமல் கேட்டார். மூன்றாவது வந்தபோது காபியும் வந்துவிட்டது.

அன்று முதல் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. தங்கம் வாங்கலாமா என்றால் மூன்று கட்டம், நிலம் வாங்கலாமா என்றால் மூன்று கட்டம், வைப்பு நிதியில் போடலாமா என்றால் மூன்று கட்டம், அதற்குள் வட்டி ஏறினால் ஒரு அம்புக்குறி, இறங்கினால் இன்னொன்று, எங்கோ சண்டை மூண்டால் சிவப்பு மையில் ஒரு வட்டம், சண்டை நின்றுவிட்டால் அந்த வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. பணம் மட்டும் சேமிப்புக் கணக்கில் குறட்டை விட்டுத் தூங்கியது. முதலீட்டு ஆலோசகர் ஒருவர் ஆறேழு முறை வந்துபோனார். கடைசியில் அவர் தொழிலையே மாற்றிக்கொண்டதாகக் கேள்வி.

இந்த நிலைமையில்தான் வீட்டு உரிமையாளர் படியேறி வந்தார். மகனோடு போய் இருக்கப்போகிறாராம், வீட்டை விற்கிறாராம்.

"முதல்ல உங்களைத்தான் கேக்கிறேன். நீங்க வாங்கினா விலையைக் குறைச்சுத் தரேன். இந்த மாசத்துக்குள்ள சொல்லிடுங்க. தரகர் வேற ஆள் வெச்சிருக்கார்."

வாங்காவிட்டால் காலி செய்ய வேண்டும். இந்தக் குடும்பம் ஏற்கெனவே மூன்று வீடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பீரோ ஒரு காலைக் காணிக்கை கொடுத்தது. மிச்சம் இருப்பது ஒற்றைக் கால்.

முக்காலம் சும்மா இருப்பாரா? அன்று மாலையே குடும்பத்தைக் கூட்டி ஆளுக்கொரு எதிர்காலத்தைப் பிரித்துக் கொடுத்தார். மைத்துனன் நல்ல காலம், கல்லூரி போகும் மகள் ரெண்டுங்கெட்டான் காலம், மனைவி கெட்ட காலம். ஏன் மனைவிக்கு அது என்று கேட்கக் கூடாது. அவரும் கேட்கவில்லை, முறைத்தார்.

"நல்ல காலம், நீ சொல்லு."

"வீட்டு விலை ரெண்டு மடங்காகும் மாமா. இப்பவே வாங்கிப் போடுங்க."

"ரெண்டுங்கெட்டான்?"

"விலை அப்படியே இருக்கும்பா. ஆனா வாடகை மிச்சம். வாங்கலாம்."

"கெட்ட காலம்?"

"உங்க கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. வேலை இல்லாதவனுக்கு யாரும் வாடகைக்கு வீடு தரமாட்டாங்க. சின்னக் கடனா வாங்கி, என் சம்பளத்துல அடைக்கிற மாதிரி இப்பவே வாங்கணும்." கெட்ட காலம் பல் மருத்துவமனையில் கணக்காளர். கடன் கணக்குப் போடுவது அவருக்குக் கை வந்த கலை. "மூணு பேரும் ஒரே பதில் சொல்லிட்டோம். பலகையை அழிச்சிட்டு எழுந்திரிங்க."

முக்காலத்தின் முகம் வாடிப்போயிற்று. மூன்று எதிர்காலமும் ஒத்துப்போனால் அப்புறம் என்ன சுவாரசியம்? "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றீங்கன்னா, நான் ஏதோ ஒரு காலத்தை விட்டுட்டேன்னு அர்த்தம்" என்று நான்காவது கட்டம் போட ஆரம்பித்தார்.

அதில் பூகம்பம் வந்தது. அடுத்த நாள் கடல் வந்தது. அதற்கடுத்த வாரம் மனிதர்கள் வீடே வேண்டாமென்று வண்டியிலேயே வாழும் காலம் வந்தது. தரகர் ஒரு புதுத் தம்பதியைக் கூட்டிவந்து சமையலறையை அளந்துவிட்டுப் போனார். அதையும் நம்மவர் அம்புக்குறி போட்டுக் குறித்துக்கொண்டார்.

மாதக் கடைசி நாளில் புது மார்க்கரோடு வீடு திரும்பியவர், "வீட்டுக்காரரைப் பார்த்து இன்னும் ஒரு வாரம் கேட்டுட்டு வரேன்" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினார்.

"எங்கிட்டயே கேளுங்க" என்றார் மனைவி.

"உன்கிட்டயா? எதுக்கு?"

"காலைல நான் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். பேங்க்ல என் பேருக்கு லோன் போட்டாச்சு. நீங்க பதினேழாவது காலத்துல இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு சொல்லலை."

மார்க்கர் கீழே விழுந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்கலையே!"

"கேட்டிருந்தா மூணு வார்த்தை சொல்லியிருப்பீங்க."

சிரித்தது போதும், வாசகரே. 'இது அப்படியே என் அண்ணன்தான்' என்று நீங்கள் நினைத்த அதே நொடியில் உங்கள் அண்ணன் உங்களை நினைத்துக்கொண்டார். இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அந்தக் காப்பீட்டுப் படிவம் என்ன ஆயிற்று? இன்னும் கையெழுத்து போடாததற்குக் காரணம் இருக்கிறதா? இருக்கும். எத்தனை காரணம்? மூன்றா? ஐயோ பாவம்.

முக்காலம் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார், மனைவிக்குக் குடித்தனக்காரராக. கடன் தவணையில் தன் பங்கை மாத வாடகையாகத் தருவதாக ஏற்பாடு. இரண்டாவது மாதம் நடக்கிறது. முதல் மாதத்தது இன்னும் வந்தபாடில்லை.

"வாடகை எங்கேங்க?"

"ஒரேயடியா தர்றதா, பிரிச்சுத் தர்றதான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"நிதானமா யோசிங்க. தரகர் வேற ஆள் வெச்சிருக்காராம்."