எல்லா இடத்திலும் வோல்டேஜ் சமம்

கணக்கில் சோம்பேறித்தனம் செய்துவிட்டு அதற்கு 'எளிமையாக்கம்' என்று பெயர் வைத்தவன் நான். (ஆபீசில் கைதட்டினார்கள் வேறு!)

எந்த மின்நிலையம் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால், எந்த லைனும் திணறாமல், குறைந்த செலவில் ஊருக்குப் போய்ச் சேரும்? மின்கட்டமைப்பைத் திட்டமிடும் எங்கள் ஆபீசுக்கு இதுதான் அன்றாடக் கவலை. முழுக் கணக்கையும் போட்டால் கம்ப்யூட்டர் அரை நாள் மூச்சு வாங்கும். நானோ, வோல்டேஜ் எல்லா இடத்திலும் சமம், வழியில் இழப்பே கிடையாது என்று வைத்துக்கொண்டேன். மூன்றே நொடியில் விடை! "பெரிய லைனுக்குத்தான்பா இது சரிவரும்" என்று மேலதிகாரி சொன்னது என் காதில் ஏறவில்லை.

அந்த மிதப்பில்தான் காசிமேட்டுக்குப் போனேன். எனக்கு நிச்சயமாகியிருந்த செல்வியின் அப்பா அங்கே ஐஸ் பாக்டரி நடத்தினார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

"மாப்ள, புச்சா ஒரு கம்ப்ரஸர் வாங்கிக்கீறேன். நம்ம லைன் தாங்குமா?" என்றார்.

எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். செல்வி பார்த்துக்கொண்டிருந்தாளே! லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று நொடி. "தாராளமா தாங்கும் மாமா!"

சுவிட்சைப் போட்டார். புது கம்ப்ரஸரின் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. டியூப்லைட் மங்கியது. ஓடிக்கொண்டிருந்த பழைய மோட்டாரும் முனகிக்கொண்டே நின்றுபோனது. கருகல் வாசனை வந்தது. வெளியே ஐஸுக்குக் காத்திருந்த போட்டுக்காரர்கள், "இன்னாண்ணே, இன்னிக்கி கடலுக்குப் போறதா, வாணாவா?" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "இங்க வோல்டேஜே இல்லியே. உன் கணக்குல எவ்ளோ கீது?"

"எல்லா இடத்துலயும் முழுசா கீதுன்னு வெச்சிக்கினேன் மாமா."

"இன்னாத்துக்கு?"

"கணக்கு சுலபமா வரும்னு…"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்போ கல்யாணமும் ஆயிடுச்சின்னு வெச்சிக்கினு வூட்டுக்குப் போ, நைனா."

விம்கோ நகரில் இருக்கும் என் வீடு வரை நடந்தே போனேன். (பஸ்ஸில் அழுதால் நாலு பேர் பார்ப்பார்களே!) அடுத்த வாரமே திரும்பி வந்து, அந்தத் தெருக்கோடி வரை வோல்டேஜை அளந்து, முழுக் கணக்கையும் போட்டு, வேறு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் முடியாது என்று எழுதி நீட்டினேன். மாமா அதைத் தன் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தார். "கரீட்டாதான் கீது" என்று எலெக்ட்ரீஷியன் சொன்ன பிறகுதான் எனக்கு டீ வந்தது.

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் காலையில் காபி கேட்டால், "குட்ச்சாச்சின்னு வெச்சிக்கோ" என்கிறாள் செல்வி. போன வாரம் எங்கள் மகள் கணக்குப் பரீட்சைப் பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நூறுன்னு வெச்சிக்கோப்பா" என்றாள். காட்டு என்று கேட்க எனக்கு ஏது வாய்?