மூச்சு விடாத மூன்றாம் மாதம்

ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வரச் சொல்லி, மும்பை விக்ரோலியில் உள்ள உடுப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது சங்கரேஸ்வரிக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தைத்து வரும் உடுப்பைச் சரிபார்க்கும் சூப்பர்வைசர் வேலை. தாராவிப் பட்டறை ஒன்றில் எட்டு வருஷம் நின்றுகொண்டே நூல் பிசிறு வெட்டியவளுக்கு, உட்கார நாற்காலியும் தலைக்கு மேல் ஃபேனும் உள்ள வேலை.

சொல்வதா, வேண்டாமா என்பதே வீட்டில் பேச்சு. அவளுக்குச் சொல்லிவிடத்தான் மனசு. புருஷன் காளிராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த சந்து கீதா இப்படித்தான் அரிச்சந்திரன் பேத்தி மாதிரி உண்மையைச் சொன்னாள். பிரசவம் முடிந்து வா என்றார்கள். அவள் பிள்ளை இப்போது பால்வாடிக்குப் போகிறான், கம்பெனி இன்னும் கூப்பிடவில்லை என்றான்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் பெறவு சொல்லிக்கிடலாம்ட்டீ. அதுவரைக்கும் மூச்சு விடாத."

வியாழக்கிழமை காலை, இருப்பதிலேயே தொளதொளப்பான சுடிதாரைப் போட்டுக்கொண்டு சயானில் ரயில் ஏறினாள்.

கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பு சாதனா மேடத்துக்கு. மராத்திக்காரி, இந்தியில் தன்மையாகத்தான் பேசினாள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே, மூன்று மாடி இருக்கிறதே, படி ஏற முடியுமா, லிஃப்ட்டுக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டாள். சங்கரேஸ்வரிக்குச் சுருக்கென்றது. இவள் எதற்கு இதைக் கேட்கிறாள்?

லிஃப்ட் எதற்கு என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சிரித்த முகமாகத் திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த மேடத்தின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

அடுத்து, உட்கார்ந்துகொள், கால் வலிக்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நின்றே பழக்கம் என்றாள் சங்கரேஸ்வரி. சொன்னதோடு விடாமல், வழியில் கிடந்த துணிக்கட்டைத் தூக்கி மேஜை மேல் வைத்தும் காட்டினாள். மேடம் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே பேனாவைக் கடித்தாள்.

கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காளிராஜுக்கு போன் போட்டாள். மேடம் வயிற்றையே பார்க்கிறாள், அது மட்டும் நிச்சயம் என்றாள். அவன் உடனே வழி சொன்னான்.

"அப்பம் சந்தேகம் தட்டிட்டு. இன்னும் கொஞ்சம் தெம்பாக் காமி."

மத்தியானம் மேடம் தன் டப்பாவைப் பிரித்தாள். மாங்காய்க் கீற்று, மேலே உப்பும் மிளகாய்த்தூளும். சங்கரேஸ்வரிக்கு நாக்கின் அடியில் ஊற்றுக் கிளம்பியது. பத்து நாளாகக் கனவில் வருகிற மாங்காய். புளிப்பு என்றாலே ஆகாது என்று அதைத் தள்ளி வைத்தாள். தள்ளிய கை திரும்பி வர மனசில்லாமல் வந்தது.

மேடம் இன்னொரு டப்பாவைத் திறந்தாள். பப்பாளி.

பிள்ளைத்தாச்சி பப்பாளியைத் தொடக்கூடாது என்பது மராத்திக்காரிக்கும் தெரியும், நெல்லைக்காரிக்கும் தெரியும். இப்படியும் ஒரு சோதனையா என்று நினைத்தாள் சங்கரேஸ்வரி. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மேடம் பதறித் தடுக்க வந்தவள் மாதிரி கையை நீட்டி, அப்படியே மடக்கிக்கொண்டாள். இவள் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கை கழுவுகிற சாக்கில் ஓடித் துப்பிவிட்டு, நாலு தடவை வாய் கொப்பளித்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்று திரும்பி வந்தால் மேடம் ஃபைலை மூடிக்கொண்டிருந்தாள். இந்த வேலை உனக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை, வேறு இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றாள்.

சங்கரேஸ்வரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பட்டறை வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லியாகிவிட்டது. அங்கே அவள் இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று. மாடி ஏறியாயிற்று, கட்டுத் தூக்கியாயிற்று, பப்பாளி வரைக்கும் போயாயிற்று. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கீதா மாதிரி உண்மையைச் சொல்லியாவது வீட்டுக்குப் போகலாம் என்று பட்டது. அழுகை முட்டிய வேகத்தில் இந்தி மறந்துபோய்த் தமிழ்தான் வந்தது.

"மேடம், நான் முழுகாம இருக்கேன். மூணு மாசம். காலையிலருந்து பொய்யாத்தான் நடிச்சேன்."

மேடத்துக்குப் புரியவில்லை. பக்கத்து மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் கரீம் பாட்சா, மேலப்பாளையத்துக்காரர், கத்தரியை வைத்துவிட்டு அதை இந்தியில் எடுத்துச் சொன்னார்.

மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். சங்கரேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஃபைலைத் திறந்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். சங்கரேஸ்வரி ஒன்றும் விளங்காமல் மாஸ்டரைப் பார்த்தாள்.

"போடு மவளே," என்றார் கரீம் பாட்சா. "இங்க புதுசாத் தைக்கப்போறது புள்ளத்தாச்சிங்க போடுற உடுப்பு, போட்டுப் பாத்துக் குறை சொல்ல ஒரு புள்ளத்தாச்சிதான் வேணும், அத வாயத் தொறந்து கேக்கக்கூடாதுன்னு கம்பெனியில சட்டம் இருக்கதனால மேடம் காலையிலருந்து தவிச்சுப் போயிட்டாங்க."