எட்டில் ஏழு பங்கு கல்யாணம்

கணக்கு வாத்தியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம். அங்கே வாயைத் திறக்க மட்டும் விடக்கூடாது. இது நான் பட்டுத் தெளிந்தது.

கோப்பாயில் ஒரு டியூட்டரியில் அட்சரகணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கேயே இரசாயனம் படிப்பித்த வாசுகியைக் கட்ட ஆசை. அவளுக்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்ததால் அவசரமும் இருந்தது. அம்மா மறுக்கவில்லை, பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கவேண்டும் என்றார். இலையில் சுற்றிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளை. சிவப்பு வந்தால் சம்மதம்.

பாதிக்குப் பாதி வாய்ப்பை நம்பிக் கல்யாணத்தை விட எனக்கு மனமில்லை. "மூண்டு தரம் எடுப்பம் அம்மா. ஒருக்காச் சிவப்பு வந்தாலும் ஓம் எண்டு வைப்பம்," என்றேன். அம்மா சரி என்றார். வாசுகிக்குப் போனில் படிப்படியாக விளக்கினேன்: ஒருமுறை வெள்ளை வர நிகழ்தகவு அரை. மூன்று முறையும் வெள்ளையே வர, அரையின் மூன்றாம் வலு, அதாவது எட்டில் ஒன்று. அதை ஒன்றிலிருந்து கழித்தால் எட்டில் ஏழு. (காதலிக்கு நான் சொன்ன ஒரே கவிதை இதுதான்.)

"அந்த மிச்ச ஒண்டு?" என்று கேட்டாள்.

"அது சும்மா," என்றேன்.

கோயிலில் அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அதை ஓரமாக வைத்துவிட்டு, தட்டத்தில் தனியே கிடந்த மற்றதை எடுக்கக் கையை நீட்டினார். நான் பதறிப்போய்த் தடுத்தேன்.

"அம்மா, எடுத்ததைத் திரும்பக் கட்டிப் போட்டுக் குலுக்கவேணும். இல்லாட்டிக் கணக்குப் பிழைச்சுப்போம்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உண்மையாத்தான் சொல்லுறியோ தம்பி?"

"ஓம் அம்மா. கணக்கெண்டால் கணக்கு."

ஐயர் திரும்பக் கட்டிக் குலுக்கினார். வெள்ளை. இன்னொருமுறை குலுக்கினார். அதுவும் வெள்ளை. கும்பிட வந்த என் மாணவர்கள் இரண்டு பேர் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்ட வாசுகி என்னைத் திட்டவில்லை. அடுத்த நாள் காலையில் நேரே அம்மாவிடம் வந்தாள்.

"மாமி, நானும் ஒருக்காக் கட்டிப் பார்க்கட்டோ?"

மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். அவள் முதலில் எடுத்ததும் வெள்ளைதான். அதை ஓரமாக வைத்தாள். பேசாமல் மற்றதை எடுத்துப் பிரித்தாள்.

"சிவப்பு, மாமி."

"இதைத்தானே பிள்ளை நான் நேற்றுச் செய்யப் பார்த்தனான்," என்றார் அம்மா. "உவன் விட்டால்தானே."

இப்போது எங்கள் மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். கணக்கு விளங்காவிட்டால் வாசுகி அவளை என்னிடம்தான் அனுப்புவாள்.

"அப்பாட்டைக் கேள். ஒரு படியும் பிழைக்காது," என்பாள். "உனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகேக்கை மட்டும் அவரை வீட்டிலை விட்டிட்டுப் போவம்."