இருபத்துநாலாவது தசைச் செல்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அக்காவின் மூட்டுவலி தேவலை என்று நம்புகிறேன். இனி வருவதைத் தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை பார்க்கிறாள் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அதிர்ச்சியே இன்னும் அடங்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு அத்தான். அதன் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு தசைச் செல்லுக்கும் தனிப்பெயர், அது என்ன வகை, எந்த உறுப்பைச் சேர்ந்தது, எந்தச் செல்லுக்குப் பிறந்தது என்று ஒரு பதிவேடே இருக்கிறது. கழிவை வெளியே தள்ளும் தசையைக்கூட விட்டுவைக்கவில்லை. கண் வலிக்கிறது, கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்கள் என்றாள். முப்பத்துநாலு வருடம் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இதெல்லாம் என்ன பிரமாதம் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

உடல்சுவர்த் தசைகள் நாலு வரிசை. முதுகுப்பக்கம் இரண்டு, வயிற்றுப்பக்கம் இரண்டு. மூன்று வரிசையில் இருபத்துநாலு செல்கள். வயிற்றுப்பக்க இடது வரிசையில் மட்டும் இருபத்துமூன்று, கடைசிக் கட்டம் காலி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலிக் கட்டத்தை விட்டுவைத்தால் எவனாவது பொய்ப் பெயரை நுழைத்துவிடுவான் என்று ஆபீசில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். ஆகவே நானே நிரப்பினேன். எண் இருபத்துநாலு, வகை தசை, தாய் பக்கத்துச் செல்லின் தாயேதான்.

இன்னிக்கு மதியம் அவ கூட்டிப் பார்த்தா, தொண்ணூத்தஞ்சு வரவேண்டிய இடத்துல தொண்ணூத்தாறு. நாலு மணிக்கு வெளியாகணும். அவ பேர் போட்டு வர்ற முதல் பட்டியல், இந்தப் புழுவை ஆராயற அத்தனை பேரும் அதைத்தான் பார்ப்பாங்களாம். முகம் வெளிறிப்போச்சு அத்தான்.

"அப்பா, புழுவுக்கு அங்க இருபத்துமூணுதான். இல்லாத செல்லுக்குப் பேர் வச்சு, அம்மா யாருன்னு வேற எழுதியிருக்கீங்க."

"கட்டம் காலியா இருந்துச்சேம்மா," என்றேன்.

அவ திட்டவே இல்லை, அதுதான் தாங்கலை. நான் சேர்த்ததை நானே எடுத்துடறேன்னு சொல்லி, தொட்டா பட்டியல்லயும் அழிஞ்சுபோற மாதிரி திரையில இருந்த புழுப் படத்துல வயித்துப்பக்க இடது வரிசையோட கடைசிக் கட்டத்தைத் தொட்டு நீக்கினேன். மொத்தம் தொண்ணூத்தஞ்சு. மூணு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிட்டா. போன உயிர் அப்பத்தான் திரும்பி வந்துச்சு.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் எல்லாரும் சௌக்கியமாக இருக்கவேண்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறை ஒட்டுமுன் மனசு கேட்காமல் படத்தை மறுபடி பார்த்தேன். புழு வயிற்றை என் பக்கம் காட்டிப் படுத்திருக்கிறது. எதிரே இருப்பவரின் இடது எனக்கு வலது என்பது, முப்பத்துநாலு வருடம் கவுன்டரில் உட்கார்ந்த எனக்கு மறந்துபோயிற்று. நான் சேர்த்த பொய்ச் செல் பத்திரமாக இருக்கிறது. வலது வரிசையில் நிஜமாகவே உள்ள செல்லை எடுத்துவிட்டேன். மொத்தம் சரியாக வந்ததால் அவளும் கவனிக்கவில்லை. அடுத்த அறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். போய்ச் சொல்லத்தான் போகிறேன். மேலே 'இங்கே அனைவரும் நலம்' என்று எழுதியதை மட்டும் நீங்களே அடித்துவிடுங்கள். இனி எதையும் என் கையால் அடிக்கப் பயமாக இருக்கிறது.