இருநூறு மைக்ரான் அருள்

ஊதுசாமி வந்த நாளிலிருந்து எரிவாயுக் கம்பெனி வாசலில் நிற்க இடமில்லை. மனிதர் செய்வது ஒன்றே ஒன்றுதான். இரும்புக் குழாயின் ஒரு முனையில் வாயை வைத்து "ஊ" என்று ஊதுவார். அப்புறம் அந்தக் குழாய்க்குள் ஜென்மத்துக்கும் துரு ஏறாதாம். குழாய்க்கே இந்தப் பலன் என்றால் நம் முழங்காலுக்கு என்ன குறைச்சல் என்று மூட்டுவலிக்காரர்களும் வரிசையில் நின்றார்கள்.

சாட்சி வேண்டுமா? கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழாய்த் துண்டு இருந்தது. அவர் ஊதியது, வருடக்கணக்காக உப்புத் தண்ணீரில் கிடந்தது. உள்ளே அப்படியொரு மினுமினுப்பு. பக்கத்திலேயே ஊதாத துண்டு ஒன்று பொத்தல் பொத்தலாகக் கிடந்தது. இதற்கு மேலும் சந்தேகப்படுகிறவன் மனிதனா?

மேனேஜர் சந்தேகப்படவில்லை. குழாய்க்குள் அலுமினியத்தை உருக்கித் தெளிக்கும் பூச்சுப் பட்டறையை இழுத்து மூடினார். ஊதினால் முடிகிற வேலைக்கு உலை எதற்கு? ஊதிய குழாய்களை மறுநாளே மண்ணுக்குள் இறக்க உத்தரவும் போட்டார்.

பூச்சுப் பரிசோதகர் அவருடைய அண்ணன் மகள். அவள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சித்தப்பா, வாயுவோட ஈரமும் சேர்ந்து வரும். உள்ள பூச்சு இல்லன்னா குழாயை அரிச்சுத் தின்னுடும். இந்த லைன் வீடுங்களுக்கு அடியில போகுது. உங்க வீட்டுக்கு அடியிலயும்தான்."

"ஆபீஸ்ல சித்தப்பான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க சார். வீடு வெடிச்சதும் கூப்பிடலாமா?"

அவர் அடுத்த குழாயை ஊதுசாமியிடம் அனுப்பச் சொன்னார்.

பூச்சின் கனத்தை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்த கணக்கில், காட்ட உள்ளங்கையளவு கருவி ஒன்று உண்டு. பூசிய குழாயில் அதை வைத்தே ஆகவேண்டும், பூசாத குழாய்க்குத் தேவையில்லை என்பது கம்பெனி விதி. ஊதுசாமியின் குழாய் பூசாதது. யார் சொன்னது? ஊதுசாமி. ஆகவே ஒருவரும் வைக்கவில்லை. "நான் திருடனில்லை" என்று திருடன் சொன்னதும் சலாம் போட்டு அனுப்பிய மாதிரிதான்.

மறுநாள் கூட்டத்துக்கு நடுவே, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கருவியோடு கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றாள்.

"சாமி, இந்தக் குழாய்ல எதுவும் தடவலையே?"

"தடவறதா? வெறும் மூச்சும்மா. மூச்சும் அருளும்."

பெட்டியைத் திறந்து, முதலில் ஊதாத துண்டின் துருவைச் சுரண்டிவிட்டுக் கருவியை வைத்தாள். பூஜ்யம். பிறகு ஊதிய துண்டுக்குள் கையை விட்டு வைத்தாள். இருநூறு.

"அருள் இருநூறு மைக்ரான் கனம் இருக்கு சார். எல்லாப் பக்கமும் சீரா தெளிச்சிருக்காரு."

அரத்தால் நாலு இழுப்பு இழுத்தாள். அருள் வெள்ளிப் பொடியாக உதிர்ந்தது. அடியில் சாதா இரும்பு. மேனேஜர் பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"இது நம்ம பட்டறைப் பூச்சுதானே?"

"ஆமா சார்," என்றார் கூட்டத்தில் நின்ற, மூடிய பட்டறையின் பூச்சுக்காரர். "ஏதோ தண்ணித் தொட்டிக்குன்னு சொல்லி இவர்தான் பூசி வாங்கிட்டுப் போனாரு. மூணு வருஷம் ஆவுது. நம்ம பூச்சு நல்லா நிக்குது பாருங்க."

பூச்சே வேண்டாம் என்று நிரூபிக்க, பூசிய குழாயைக் கொண்டுவந்திருக்கிறார் மகான். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் கம்பி நீட்டிவிட்டார். மேனேஜர் "குழாயை இறக்காதீங்க" என்று கத்திக்கொண்டே பட்டறைச் சாவியைத் தேடி ஓடினார்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. ஒருவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கண் கருவிமேல் இருந்தது.

"தாயி, அந்தச் சக்தியை இதுமேல கொஞ்சம் வையேன்."

பின்னால் அதற்குள் வரிசை நின்றுவிட்டது. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"ஐயா, இது கும்பிடறதுக்கு இல்ல. கும்பிடறதுக்கு முன்னாடி வச்சுப் பாக்கறதுக்கு."