ஊமையான ரம்பமும் சும்மாயிரு அண்ணனும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஓடாமல் நின்றுபோன எந்த மோட்டாரும் சும்மாயிரு அண்ணனிடம் உண்மையை மறைத்ததில்லை. மறைத்ததெல்லாம் மனிதர்கள்தாம். அதில் நானும் ஒருவன்.

பீடோங் சந்தைக்குப் பின்னால் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் அவர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். எந்த மிஷினுக்கு முன்னால் போய் நின்றாலும் சுற்றியிருப்பவர்களைப் பார்த்து முதலில் சொல்வது, “சும்மா இருங்க.” அடுத்து, பிளக்கைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். அதன்பிறகு விசாரணை. மிஷினை அல்ல, நம்மை.

ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு அரைக்கும் கிரைண்டர் நின்றுவிட்டது. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளியை உட்காரவைத்து, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தார் என்று வரிசையாகச் சொல்லவைத்தார். நாலாவது கேள்வியில், சுவருக்குப் பச்சைச் சாயம் அடித்த கையோடு சுவிட்சுக்கும் சேர்த்து அடித்துவிட்டது வெளியே வந்தது. தோட்டத்துக் கோயிலில் தண்ணீர் பம்பு படுத்தபோது கோயில் தலைவரையே நிற்கவைத்துக் கேட்டார். பம்பு வயரிலிருந்து நாற்பது கெஜத்துக்குச் சீரியல் பல்பு இழுத்ததைத் தலைவர் சாமி சன்னிதியிலேயே ஒப்புக்கொண்டார்.

என் கதைக்கு வருகிறேன். எழுதாத நேரத்தில் நான் மரம் அறுப்பவன். புக்கிட் செலம்பாவில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் மேசை ரம்பம் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்கா இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். மண்டப மேடைக்கோ நாலு படி. நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதும் அக்காவின் முகம் இறுகிவிட்டது.

“மூட்டை மாதிரி என்னைய யாரும் தூக்க வேணாம்லா. நான் கீழயே இருந்துக்கிறேன். எம் மவ கழுத்துல தாலி ஏறுறது அங்கேர்ந்தும் தெரியும்.”

தெரியும்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலி உருண்டு ஏறப் பலகையில் சாய்வுமேடை ஒன்று செய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பலகை வந்து இறங்கியது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஒரு முனகல்கூட இல்லை. வெளியே மழை மட்டும் ரப்பர் இலைகள்மேல் நடந்துகொண்டிருந்தது. பிளக்கை மாற்றினேன். மரச் சுத்தியலால் மோட்டாரைச் செல்லமாகத் தட்டினேன், பிறகு செல்லமில்லாமல். வாட்ஸ்அப்பில் ஒரு நண்பன் சொன்னான் என்று புதுக் கெப்பாசிட்டர் வாங்கி மாட்டினேன். ரம்பம் கல்லாகவே இருந்தது. கையால் அறுத்தால் தீபாவளிக்குத்தான் முடியும். மத்தியானம் மோட்டார் சைக்கிளில் அண்ணனை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சும்மா இருக்கச் சொன்னார், இருந்தேன். பிளக் மடிக்குப் போனது. புதுக் கெப்பாசிட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

“முனகிச்சா?”

“இல்லண்ணே.”

“முனகிட்டுச் சுத்தலைன்னா கெப்பாசிட்டர். இது வாயே தொறக்கல. கரண்டே உள்ள போகல தம்பி. கடைசியா இத யாரு தொட்டது?”

யாருமே தொடவில்லை என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் குனிந்து, பச்சைப் பொத்தானை முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார்.

“பன்னீர் ஊத்திக் கொழச்சியா?”

என் காது சூடாகிவிட்டது. கல்யாண வருடம் ஆயிற்றே என்று இந்த ஆயுத பூஜைக்குக் கூடுதல் பக்தியோடு இருந்தேன். ரம்பத்துக்குப் பொட்டு வைக்க வழவழப்பான இடம் தேடி, பச்சைப் பொத்தானின் மேலேயே சந்தனத்தை அள்ளி அப்பியிருந்தேன். மேலே பளிச்சென்று துடைத்தும்விட்டேன். அன்றைக்குப் பிறகு ரம்பத்தை ஓட்டவேயில்லை. உள்ளே இறங்கியது எனக்கு எப்படித் தெரியும்?

சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே சந்தனம் சிமெண்டாகக் காய்ந்து கிடந்தது. பழைய பல் பிரஷை எடுத்துத் தேய்த்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்:

“சாமின்னா நெத்தியில வைக்கணும். வாயில அப்பக் கூடாது.”

“மிஷினுக்கு நெத்தி எதுண்ணே?”

“மோட்டார் மூடி. இது கூடத் தெரியாம பூச பண்றானாம்.”

சுத்தம் செய்து மூடி, பிளக்கை மாட்டினார். பொத்தானைத் தொட்டதும் கொட்டகை முழுக்க இரைச்சல் எழுந்து, தகரம் அதிர்ந்து, மரத்தூள் பொன்மழையாகப் பறந்தது. வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. இருட்டும்வரை பலகையின் மறுமுனையைப் பிடித்தபடி, என் அளவுகளை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அழைப்பிதழில்லாமலே வந்தார். நாதஸ்வரக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சாய்வுமேடைமேல் ஏறி மூன்று முறை குதித்தார். பலகை அசையவில்லை என்றதும் ஒதுங்கி நின்று, ஓரத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா யாரையும் தள்ளவிடாமல், தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி மேலே போனாள். தாலி ஏறும்போது மகள் தோளில் அவள் கை இருந்தது. மறு கையில் இருந்த அட்சதையை மணமக்கள்மேல் போட்டாள். மிச்சம் ஒரு பிடி இருந்தது. திரும்பி, அதைக் கீழே பலகையைப் பிடித்திருந்தவர் தலையில் போட்டாள்.

சாயங்காலம் அவரைக் கடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். நரைத்த தலையில் மஞ்சள் அரிசி இன்னும் நாலைந்து ஒட்டியிருந்தது. தட்டிவிடலாம் என்று கை போனது. தட்டவில்லை.