பால் பொங்கி அணைஞ்ச அடுப்பு

நோட்டன் பிரிட்ஜ்,
2008 தை மாதம்.

கொழும்பிலே பத்திரிகை ஆசிரியராய்ப் பேரோடு விளங்கும் என் தங்கச்சி மகன் பிரதாப்புக்கு, தாய்மாமன் அழகுமுத்து சொல்லிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை வீரம்மாவும் கோழி குஞ்சு உட்பட நலம். உன் நலத்துக்கும் முருகனை வேண்டிக்கொள்கிறோம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள் சுலக்ஷனா. கையெழுத்து அவளுது, கோவம் என்னுது.

பன்னண்டு வருசத்துக்கு முந்தி நம்ம தோட்டத்துல நடந்த சுற்றாடல் கண்டுபிடிப்புக் குழுப் போட்டியில ஜெயிச்சது மேக்கணக்கு டிவிசன் ஆண்டியப்பன் குழுன்னு உன் பொங்கல் மலருல போட்டிருக்கியாம். ஜெயிச்சது சரி. எப்பிடி ஜெயிச்சான்னு போட வேணாமா? திருத்தம் போடு மாப்ள. நடந்தத சொல்றேன்.

நம்ம நாட்டுப் பயலுக கிரிக்கெட்டு ஒலகக் கோப்பையத் தூக்கிட்டு வந்த வருசம் அது. மழையத்து கொத்மலைக் கொளம் வத்தி, முங்கிப்போன பன்சலக் கோயிலு வெளிய தல காட்டுன வருசம். நாடே கரண்டு கட்டுன்னு கத்துச்சி. நம்ம லயத்து வீடுகள்ல கரண்டே இல்ல, அதனால கட்டுமில்ல, நிம்மதியா இருந்தோம். அப்பதான் ஒருநாள் வேலைக்குப் பேரு குடுக்குற காலப் பெரட்டுல தோட்டத்துக் கண்டாக்கு ஐயா சொன்னாரு, வெறகு மிச்சம் புடிக்கிற மாதிரி எந்தக் கணக்கு ஆளுக குழுவா சேந்து புதுசா செஞ்சி காட்டுறாங்களோ, அந்தக் கணக்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொகைக்கூண்டு வச்ச சமையக்கட்டு கட்டித் தருவாங்கன்னு. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற எடந்தானே அது. நம்ம கீழ்க்கணக்குப் பிள்ளைக்காம்பராவுல ஆயா உன் அத்தைதான். பச்ச வெறகுப் பொகையில அவ கண்ணு ரெண்டும் மொளகாப் பழம். புள்ளைக இருமுற சத்தம் மலைக்காட்டுக்கே கேக்கும். அதனால ஜெயிச்சே ஆகணும்னு நான் எறங்கிட்டேன். மேக்கணக்குல எறங்குனவன் அவ கூடப்பொறந்த தம்பி, என் மச்சினன் ஆண்டியப்பன். அக்கா கண்ணு அவிஞ்சாலும் பரவாயில்லன்னு எதுத்து நின்னான் பாரு!

நம்ம குழுவுல பொன்னையாவோட மாடு, பழனியாண்டியோட மூள, என்னோட சத்தம், உன் அத்தையோட அதிகாரம். சாணியப் பீப்பாயில ஊற வச்சி, அதுல வர்ற கேஸ டிராக்டர் டியூப்புல புடிச்சி, குழாய் வழியா அடுப்புக்கு விட்டோம். டியூப்ப அமுக்கினாத்தான் கேஸ் வரும். அதுக்குப் பழனியாண்டி மேல ஏறி உக்காந்துக்குவான். நீலமா எரியும் மாப்ள, பொகைன்னு ஒரு நூலு கெடையாது!

போட்டியன்னைக்கு யாழ்ப்பாணத்து இராசரத்தினம் ஐயா நடுவரா வந்தாரு. ஒரு கேத்தல் தண்ணிய கொதிக்க வச்சிக் காட்டினாப் போதும்னாரு. உன் அத்தை விடுவாளா?

"புது அடுப்புல மொதமொதல்ல வெறுந்தண்ணியா? எழவு வீட்டுலகூட அப்பிடி வைக்கமாட்டாங்க. பாலு பொங்கணுங்க!"

கோலம் போட்டு, அடுப்புக்குப் பொட்டு வச்சி, சட்டி வெளிம்பு வரைக்கும் பால ஊத்தினா. நல்லா கொதிச்சிச்சி. பொங்குச்சி. நாலு பக்கமும் வழிஞ்சிச்சி. "பொங்கலோ பொங்கல்!"னு கீழ்க்கணக்கே கத்துனோம். நான் கண்ண மூடிக் கும்புட்டேன். தொறந்தா ஐயா அடுப்புக்குள்ள குனிஞ்சி பாக்குறாரு.

"எல்லாம் சரி, நெருப்பு எங்கை? அடுப்பு நூந்து போச்சுதல்லோ!"

வழிஞ்ச பாலு நெருப்ப அணைச்சிப்புடுச்சி. பழனியாண்டி சாமி கும்புட்டபடியே டியூப்பு மேல உக்காந்திருக்கான், கேஸ் அதும்பாட்டுக்கு வருது. பொன்னையா, "ஒரு நிமிசங்க ஐயா"ன்னு நெருப்புக்குச்சியக் கிழிச்சான். டபுக்குன்னு ஒரு சத்தம். பொன்னையாவுக்குப் பாதி மீசை இல்ல. மறுநா அவன் மாடே அவனக் கிட்ட அண்ட விடல, மோந்து பாத்துட்டு ஒதைச்சிச்சி.

அடுத்தாப்புல ஆண்டியப்பன் களிமண்ணு அடுப்பு ஒண்ணுல ரெண்டு சுள்ளிய வச்சி வெந்நி போட்டான். வெந்நி! அதுக்குக் கைதட்டு! ஐயா என் பக்கம் திரும்பி, "உங்கட அடுப்பு கெட்டித்தனமானது அப்பு, பால்தான் அதைக் கெடுத்தது"ன்னாரு. சமையக்கட்டு மேக்கணக்குக்குன்னு சொல்லிட்டாங்க. உன் அத்தை சீலத் தலப்பால மூஞ்ச மூடிக்கிட்டா. பொகையில்லாமலே அன்னைக்கு அவ கண்ணு செவந்துச்சி. அதுக்கப்புறம் அவன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு நான் சபதம் போட்டேன். இதெல்லாம் கொட்ட எழுத்துல வரணும்.

உன் பொஞ்சாதி தயானிக்கும் புள்ளைகளுக்கும் எங்க ஆசீர்வாதம். மழையில நனையாதே. முருகன் தொண.

இப்படிக்கு,
மாமன் அழகுமுத்து

பின்குறிப்பு: திருத்தம் போட்டுறாத மாப்ள. மருமக கடுதாசிய வாசிக்கையில உன் அத்தை குசினியிலிருந்து கரண்டியோட வந்துட்டா.

"அந்தச் சமையக்கட்டு எங்கன நின்னுச்சாம்? அதையும் எழுதச் சொல்லு!"

கீழ்க்கணக்குலதான். ஆண்டியப்பன் தொரைகிட்ட போயி, "எங்க பிள்ளைக்காம்பரா பொறுக்கும், கீழ கட்டுங்க, எங்க அக்கா கண்ணு போயிரும்"னு சொன்னானாம். பொகைக்கூண்டுக்குக் கல்லு சொமந்ததும் அவன்தான். நான் சபதம் போட்டிருந்ததால திரும்பிப் பாக்கல. உன் அத்தை இன்னும் கண்ணாடியில்லாம ஊசியில நூலு கோக்குறா.

பொன்னையா போயிட்டான். பழனியாண்டி போயிட்டான். மேக்கணக்குக் குழுவுலயும் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. இப்ப வாசல்ல உக்காந்து, "மாமா, கடுதாசி முடிஞ்சிச்சா, தேத்தண்ணி ஆறுது"ன்னு கூப்புடுறானே, எங்க ரெண்டு பேரத் தவுத்து அந்தப் போட்டியில நின்னவங்கள்ல உசுரோட இருக்கிறது அவன் ஒருத்தன்தான், என் மச்சினன் ஆண்டியப்பன்.